புகையாய்ப் போகும் விறகு

ஊதுகுழலும் கையுமாக, கண்ணீர் வழிய அடுப்பெரித்த காலம் மூத்த தலைமுறைத் தாய்மார்களுக்கு மறந்திராது. விறகென்றால் புகையத்தான் செய்யும் என்று அனைவரும் பொறுத்துக்கொண்டனர். உண்மையில், புகை என்பது எரியாமல் வீணாகும் விறகேயாகும்.

இதனை உலகம் ஒரு பிழையின் வழியாகவே நன்குணர்ந்தது. 1976-இல் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதன்பின் அங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்காகக் களிமண்ணையும் மணலையும் பிசைந்து கனத்த அடுப்பொன்று உருவாக்கப்பட்டது. ஸ்பானிய மொழியில் சேறு 'லோதோ', மணல் 'அரேனா'. ஆகவே அதற்கு 'லொரேனா' என்று பெயர். புகைபோக்கி புகையை வெளியேற்றியது, கண்ணெரிச்சல் தணிந்தது. ஆனால் பின்னர் அளந்து பார்த்தபோது, பல வேளைகளில் மூன்று கல் அடுப்பைவிட அதற்கு மிகுதியான விறகு செலவானது தெரியவந்தது! தடித்த மண்சுவர் சூட்டைக் காக்கும் என்று நம்பினார்கள். அதுவோ பானைக்குச் சேர வேண்டிய சூட்டைத் தானே விழுங்கிக்கொண்டது. நல்லெண்ணத்தோடு செய்த பணிக்கும் வரவு செலவுக் கணக்கு வேண்டியிருக்கிறது.

1980-களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள அப்ரோவேச்சோ ஆய்வு மையத்தில் லேரி வினியார்ஸ்கி என்னும் பொறியாளர் வேறு வழி கண்டார். அவர் அமைத்தது 'ராக்கெட் அடுப்பு'. முழங்கை போல் வளைந்த குழாயே அதன் எரியறை. படுத்த வாயில் ஒரு தட்டு. அதன்மேல் மெல்லிய சுள்ளிகள். நுனி மட்டுமே எரியும்; எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். தட்டின் கீழே காற்று புகுந்து தணலினூடே பாயும். நிமிர்ந்த குழாய் சுவாலையை மேலே இழுக்கும்.

விறகு சூடேறும்போது வெளிப்படும் வாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அதற்கு முன்பே குளிர்ந்த சுவரையோ பானையையோ தொட்டால் கரியும் புகையுமாகிவிடும். எனவே எரியறையைச் சுற்றிலும் சாம்பல், நுரைக்கல் போன்ற இலேசான பொருள்களை நிரப்புகின்றனர். களிமண்ணில் மரத்தூள் கலந்தும் செங்கல் சுடுவதுண்டு. சூளையில் தூள் எரிந்துபோக, கல் முழுதும் நுண்துளைகள் எஞ்சும். அத்துளைகளில் தங்கும் காற்றே வெப்பத்தை வெளியே விடாது. பானையைச் சுற்றி விரற்கடை இடைவெளியில் ஒரு தகட்டு வளையம். சூடான காற்று பானையின் பக்கங்களையும் உரசிச் செல்லும்.

தகரத்தால் செய்த எரியறை இவ்வெப்பத்தில் விரைவில் அரித்துவிடும். ஈர விறகுக்கு எந்த அடுப்பும் புகையவே செய்யும். மூடிய அறைக்குள் சமைப்போர்க்கு இந்த அடுப்புடனும் புகைபோக்கி அவசியமே.