இரண்டேகால் வயசுக்கு ஒரு டிக்கெட்!

“ஏண்டா, அதுக்கு என்ன தெரியும்? நாளைக்குக் கேட்டா ஞாபகம்கூட இருக்காது. இதுக்குப் போய் ஆயிரக் கணக்கில் செலவழிக்கணுமா?”

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டு உடைத்தவள் என் சகதர்மிணி. கேட்கப்பட்டவன் என் மகன். ‘அது’ என்று குறிப்பிடப்பட்ட பிரகிருதி என் பேரன். வயது இரண்டேகால். அவனோ தன்னைப் பற்றி ஒரு வழக்கு நடப்பதே தெரியாமல், ஒரு பிஸ்கோத்தைக் காபி டபராவில் நீச்சலுக்கு விட்டுக் கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். பேரனை முதன்முதலாக ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று மகனும் மாட்டுப்பெண்ணும் தீர்மானித்து விட்டார்கள். இருவருக்கும் ஆபீஸ், வாரம் முழுவதும் குழந்தை எங்களிடந்தான் வளர்கிறது. ஒரு நாளாவது முழுதாக அவனோடு இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அந்த ஒரு நாள் வெயிலிலும் கூட்டத்திலும் அழுகையிலும் போய்விடுமே என்பது பாட்டியின் கவலை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால், தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பாட்டி சொன்னதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பெரியவர்களுக்கு நினைவில் நிற்கும் மிகப் பழைய சம்பவம் பெரும்பாலும் மூன்று வயதை ஒட்டியோ அதற்குப் பின்னரோ நடந்ததாகத்தான் இருக்கும் என்று மனநூல் வல்லுநர்கள் சொல்கிறார்கள். நானும் என் அனுபவத்தில் கண்டதுதான். 1990-களில் என் மகனை, அவன் சிறு பிள்ளையாக இருந்தபோது, ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. தங்கக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். அங்கே யார் என்ன சேஷ்டை செய்தாலும் அசையாமல், சிரிக்காமல் நிற்கும் ‘சிலை மனிதர்’ பிரசித்தம் அல்லவா? ராட்டினம், ரயில் எதையும் பார்க்காமல், அரை மணி நேரம் அவர் எதிரிலேயே நின்று, தன் வாயிலிருந்த மிட்டாயை எடுத்து அவருக்கு நீட்டினான் பையன். இன்று அவனைக் கேட்டால், “அப்படியா அப்பா?” என்கிறான்!

ஆனாலும், ‘போகலாம்’ என்றே தீர்ப்புச் சொன்னேன். ஒரு நிபந்தனை: எல்லாம் பேரனின் சௌகரியப்படி நடக்க வேண்டும், நம் சௌகரியப்படி அல்ல.

பெஞ்சியில் பிறந்த பூங்கா

இந்த மாதிரிப் பூங்காக்களுக்கெல்லாம் தாத்தா, அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் உள்ள டிஸ்னிலாந்து. வால்ட் டிஸ்னி தம் இரண்டு பெண் குழந்தைகளையும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துப் போவாராம். குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சியில் உட்கார்ந்து கடலை கொறித்துக் கொண்டிருப்பார். ‘குழந்தைகளும் பெற்றோர்களும் சேர்ந்தே குதூகலிக்க ஓர் இடம் இருக்கக் கூடாதா?’ என்று அந்தப் பெஞ்சியில் தோன்றிய எண்ணந்தான் டிஸ்னிலாந்தாக வளர்ந்ததென்று அவரே சொல்லியிருக்கிறார்.

1955 ஜூலை 17-ஆம் தேதி அது திறக்கப்பட்ட லட்சணத்தையும் கேளுங்கள். கொளுத்தும் வெயில். புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. குழாய்த் தொழிலாளர் வேலை நிறுத்தத்தால் குடிதண்ணீருக்குத் திண்டாட்டம். உலகப் பிரசித்தி பெற்ற பூங்காவுக்கே முதல் நாளில் வெயிலும் தாகமும் பகையாயின என்றால், நம் வீட்டுப் பொடியன் எம்மாத்திரம்!

நம் தேசத்தில் டில்லியில் 1984-இல் ‘அப்பு கர்’ திறக்கப்பட்டது. 2008-இல் அது மூடப்பட்டுவிட்டது. சென்னைக்காரர்களுக்கு ராட்டினம் புதிதல்ல. திருவிழாக் காலங்களில் கையால் சுற்றும் மர ராட்டினம், தீவுத்திடல் பொருட்காட்சியில் ஜயண்ட் வீலும் டில்லி அப்பளமும் என்று பழகியவர்கள். தாம்பரம் பக்கம் நவோதயா அப்பச்சன் அமைத்த கிஷ்கிந்தாவுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாகப் போன காலம் ஒன்று இருந்தது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி.யும், இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டும் இருக்கின்றன. திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் ஒண்டர்லாவும் திறந்திருக்கிறது.

இவற்றில் எது சிறந்தது என்று சொல்லப் போவதில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ அதுவே சிறந்தது! பிரயாணத்திலேயே அவன் அரை நாள் பொறுமையைச் செலவழித்து விட்டால், மிச்ச அரை நாள் நம் பொறுமையைத்தான் செலவழிக்க வேண்டும்.

முதலில் ஓர் ஒத்திகை

நாடகத்துக்கு ஒத்திகை உண்டு; கல்யாணத்துக்கு நிச்சயதார்த்தம் உண்டு. நேராகப் போய் நின்றால் குழந்தை மிரண்டு போகும். ஆகையால் நாங்கள் மூன்று ஒத்திகை நடத்தினோம்.

முதலாவது, லஸ் நாகேசுவர ராவ் பூங்கா. ஊஞ்சல், சறுக்கு மரம், முன்பின் தெரியாத குழந்தைகளோடு வரிசையில் நிற்பது, இவை பழக்கம். வரிசை என்பது என் பேரனுக்குப் பெரிய அவமானமாகப்பட்டது. மூன்றாம் நாள் சரியாயிற்று.

இரண்டாவது, கிண்டி சிறுவர் பூங்கா. மான்களையும் பறவைகளையும் பார்த்துக் கொண்டே அவன் எவ்வளவு தூரம் நடக்கிறான், எப்போது ‘தூக்கு’ என்கிறான் என்று கணக்கெடுத்தோம். சரியாக நாற்பது நிமிஷம்! அதற்கு மேல் தாத்தாவின் தோள்தான் வாகனம். பக்கத்திலேயே 1972-இல் ரோமுலஸ் விட்டேக்கர் ஆரம்பித்த பாம்புப் பண்ணையும் இருக்கிறது. பாம்பைக் கண்டு பேரன் பயப்படவில்லை. பாட்டிதான் பயந்தாள்.

மூன்றாவது, பெசன்ட் நகர் கடற்கரை. ஒலிபெருக்கிச் சத்தமும் கூட்டமும் அவனுக்கு ஆகவில்லை என்று அங்கே தெரிந்தது. பஞ்சுமிட்டாய் விற்பதற்காகக் கரடி வேஷத்தில் ஒருவர் கிட்டே வந்ததும் அவன் போட்ட கூச்சலில் கரடியே நடுங்கிவிட்டது! இந்த வயதில் முகமூடியும் வேஷமும் குழந்தைகளுக்குப் பயந்தான் தரும். போட்டோவுக்காக வலுக்கட்டாயமாகக் கரடியின் மடியில் உட்கார வைக்காதீர்கள். தூரத்திலிருந்து கை ஆட்டினால் போதும்.

சுவரில் ஒரு பென்சில் கோடு

இத்தகைய பூங்காக்களில் வயதைக் கேட்பதைவிட உயரத்தை அளப்பதே வழக்கம். எவ்வளவு உயரம் வரை இலவசம், எதிலிருந்து குழந்தை டிக்கெட் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகவே வீட்டுச் சுவரில் குழந்தையை நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு அளந்து கொள்ளுங்கள். பிறகு போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த உயரத்துக்கு டிக்கெட் உண்டா? இந்த உயரத்துக் குழந்தை ஏறக்கூடியவை எத்தனை? பெரிய ராட்டினங்களில் பலவற்றுக்கு நாலு அடி, நாலரை அடி என்று வரம்பு வைத்திருப்பார்கள். அந்த வரம்பு குழந்தையின் உயிரைக் காப்பதற்காக. காவலரிடம் கெஞ்சியோ, காலை எக்க வைத்தோ அதைத் தாண்ட வேண்டாம்.

நாளும் முக்கியம். சித்திரை, வைகாசி வெயில் கூடவே கூடாது. தை, மாசி நல்லது. ஞாயிறு, பண்டிகை தினங்களை விட்டு ஒரு சாதாரண நாளாகப் பாருங்கள். திறக்கும் நேரத்துக்குப் போய்விட வேண்டும். பகல் தூக்க வேளைக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். “அவ்வளவு பணம் கொடுத்து மூணு மணி நேரந்தானா?” என்று மகன் கேட்டான். “அவனுடைய நாள் அவ்வளவுதானே அப்பா!” என்றேன்.

பையில் என்ன இருக்க வேண்டும்? வெந்நீர் ஆறவைத்த புட்டி இரண்டு, மாற்று உடை இரண்டு ஜோடி, டயபர், துண்டு, தொப்பி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து. வெளிச் சாப்பாட்டை அனுமதிக்காத இடங்களிலும் குழந்தை ஆகாரத்துக்கு விலக்கு உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள். சட்டை பளிச்சென்ற மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கட்டும். கிளம்பும்போதே அந்தச் சட்டையுடன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். பெற்றோரின் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிப் பையனின் சட்டைப் பையில் வைத்து ஊக்குக் குத்துங்கள். இது எதற்கு என்று என் மனைவி கேட்டாள். அன்றைக்கே பதில் கிடைத்தது.

நான்கு நிமிஷங்கள்

எந்தப் பூங்கா என்று சொல்ல வேண்டியதில்லை, தவறு எங்களுடையது. காலை வேளை. குட்டி ரயிலில் ஒரு சுற்று, தட்டாமாலையாகச் சுற்றும் கோப்பையில் ஒரு சுற்று ஆயிற்று. மகன் குடிதண்ணீர் வாங்கப் போனான். மாட்டுப்பெண் ஈரத் துணிகளை மாற்றி வைக்கப் போனாள். நான் வேப்ப மரத்தடிப் பெஞ்சியில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரி செய்தேன். நிமிர்ந்தால், என் மனைவி என்னைப் பார்த்து, “குழந்தை எங்கே?” என்றாள்.

“உன்னிடந்தானே இருந்தான்?”

“உங்ககிட்ட இருக்கான்னு நினைச்சேனே!”

நாலு பேர் காவல் என்றால், அங்கே ஒருவருமே காவல் இல்லை என்று அர்த்தம். அந்த க்ஷணத்தில் என் வயது எனக்கு மறந்து போயிற்று. ஓடினேன். கூப்பிட்டுக்கொண்டே முதலில் தண்ணீர் இருக்கும் பக்கந்தான் ஓடினேன். சிறு குழந்தை மூழ்க அரையடித் தண்ணீரே போதும். அதுவும் சத்தமில்லாமல் நடந்துவிடும். ஆகையால் குழந்தையைக் காணோம் என்றால் தேட வேண்டிய முதல் இடம் தண்ணீர்தான். என் மனைவி காவலரிடம் போட்டோவைக் காட்ட, அவர் வாசலுக்குத் தகவல் சொன்னார்.

நீச்சல் குளத்தில் இல்லை. நல்லவேளை. அதற்கு அப்பால், செடிகளுக்கு ரப்பர்க் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரருக்கு எதிரே, ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது! குழாயில் இருந்த சிறு ஓட்டையிலிருந்து பீச்சிய தண்ணீரைக் கைகொட்டி ரசித்துக் கொண்டிருந்தான் பேரன். நான்கே நிமிஷம். எனக்கு நான்கு வருஷம்.

அன்று நாங்கள் போட்டுக் கொண்ட சட்டம்: குழந்தையைப் பார்த்துக் கொள்பவர் எப்போதும் ஒருவரே. கை மாறும்போது வாய்விட்டு, “இப்போ குழந்தை உன்கிட்ட” என்று சொல்ல வேண்டும். மற்றவர், “சரி, என்கிட்ட” என்று ஒப்புக்கொண்ட பிறகே நகர வேண்டும். தண்ணீர் விளையாட்டில் கை நீட்டினால் எட்டும் தூரத்துக்கு மேல் விலகக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாசத்தினால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கு மரத்தில் இறங்குகிறோமே, அது ஆபத்து. குழந்தையின் கால் ஓரத்தில் மாட்டிக்கொண்டால், நம் உடல் பாரமும் சேர்ந்து இழுக்க, எலும்பு முறிந்து விடும். சின்னச் சறுக்காகப் பார்த்துத் தனியே விடுங்கள். பக்கத்தில் நின்று பிடித்துக் கொள்ளுங்கள். தனியே இறங்கத் தெரியாவிட்டால், அந்தச் சறுக்குக்கு இன்னும் வயதாகவில்லை என்று அர்த்தம்.

யாருக்கு ஞாபகம்?

இந்தக் கலவரத்துக்குப் பின் உடனே வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நான் நினைத்தேன். பேரன் குதிரை ராட்டினத்தைக் காட்டி, “பாட்டி!” என்றான். அப்பா வேண்டாம், அம்மா வேண்டாம். பாட்டிதான் ஏற வேண்டுமாம்.

“நானாவது, ஏறவாவது!” என்றாள் அவள். பிறகு மெதுவாக, “சின்ன வயசில் தேரடியில் ராட்டினம் வரும். தம்பியை ஏத்திவிட்டு என்னைப் பார்த்துண்டு நிக்கச் சொல்லுவா” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை.

ராட்டினக்காரர் பெல்ட்டை மாட்டினார். பேரன் குதிரை மேல். பாட்டி பக்கத்தில் நின்று ஒரு கையால் அவனையும் ஒரு கையால் கம்பியையும் பிடித்துக் கொண்டாள். ராட்டினம் மெள்ளச் சுற்றியது. முதல் சுற்றில் அவள் கண்ணை மூடிக் கொண்டிருந்தாள். மூன்றாவது சுற்றில் எங்களைப் பார்த்துக் கை ஆட்டினாள்.

பகல் ஒரு மணிக்குக் கிளம்பினோம். நீலாங்கரை வருவதற்குள் பேரன் தூங்கிப் போனான். மறுநாள் காலை, “நேற்று என்னடா பார்த்தாய்?” என்று கேட்டேன். ரயில், கோப்பை, குதிரை எதுவும் அவன் வாயில் வரவில்லை. “தாத்தா ஓடி!” என்று சொல்லிக் கைகொட்டிச் சிரித்தான்.

சமையலறையிலிருந்து சகதர்மிணியின் குரல் வந்தது: “நான்தான் சொன்னேனே, அவனுக்கு ஞாபகம் இருக்காதுன்னு!”

சற்றுப் பொறுத்து அவளே சொன்னாள்: “பரவாயில்லை. எனக்கு இருக்கும்.”