மதியத்தில் மட்டும் கெடும் ஃபஸ் பெடல்

வாசகர் ஒருவர் கிதாருக்கு ஃபஸ் பெடல் ஒன்றைத் தானே செய்திருக்கிறார். பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இரண்டு, ரெசிஸ்டர் நான்கு, கெபாசிட்டர் மூன்று, திருகு குமிழ் இரண்டு, 9 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான் சாமான். “ராத்திரி வாசித்தால் சுரம் நீண்டு நிற்கிறது. மதியம் அதே மொட்டைமாடி அறையில் எடுத்தால் துணி கிழிகிற மாதிரி விட்டுவிட்டுக் கேட்கிறது, சட்டென்று அறுந்தும் போகிறது. எல்லா இணைப்புக்கும் மறுபடி ஈயம் வைத்துப் பார்த்துவிட்டேன். எங்கே தவறு?” என்று கேட்கிறார்.

தவறு இணைப்பில் இருந்தால் அது ராத்திரியிலும் கேட்டிருக்கும். அவர் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த சொல் ‘மதியம்’தான்.

அவர் செய்திருப்பது, 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் விற்கத் தொடங்கிய ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடலின் சுற்று. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலடியில் கிடந்த வட்டப் பெட்டி அது. அதற்கும் முன்னால், 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றை நாஷ்வில்லில் பதிவு செய்தபோது ஒலிக்கலவைக் கருவியின் ஒரு தடம் பழுதாகி, கிரேடி மார்ட்டினின் பேஸ் கிதார் கரகரத்தது. அந்தப் பழுதை வேண்டுமென்றே உண்டாக்கும் பெட்டி மறு வருடமே மேஸ்ட்ரோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ வந்த பிறகுதான் அது நன்றாக விற்றது. வரலாறு இது போதும். சுற்றுக்குள் போவோம்.

கூடத்தில் எதிரெதிராக இரண்டு சுவர்கள், நடுவே ஓர் ஊஞ்சல். இடச்சுவர் 0 வோல்ட், வலச்சுவர் 9 வோல்ட். டிரான்சிஸ்டருக்குக் கால் மூன்று: பேஸ், எமிட்டர், கலெக்டர். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர்தான் ஊஞ்சல் பலகை. யாரும் ஆட்டாதபோது அது ஏறக்குறைய 4.5 வோல்ட்டில், நடுவில் தொங்க வேண்டும். கிதார் கம்பியைத் தட்டினால் ஊஞ்சல் ஆடுகிறது; இரண்டு டிரான்சிஸ்டரும் சேர்ந்து பெருக்குவதால் அந்த ஆட்டம் கூடத்தின் அகலத்துக்குள் அடங்காமல் இரண்டு சுவரிலும் முட்டுகிறது. அலையின் தலையும் காலும் மழுங்குகின்றன. அந்த முட்டல்தான் ஃபஸ். கம்பியின் அதிர்வு தேயத் தேய முட்டல் குறைந்து, ஆட்டம் தணிந்து, சுரம் இயல்பாக அடங்கும்.

இப்போது யாரோ ஒருவர் பலகையை ஒரு கையால் வலச்சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பலமாகத் தள்ளினால் பலகை அந்தக் கையிலிருந்து விடுபட்டு ஒரு நொடி ஆடும். மெல்லத் தள்ளினால் அசையவே அசையாது. வாசகர் கேட்கும் கிழிசல் இதுதான். ஓங்கித் தட்டிய சுரம் எழுகிறது. அதிர்வு குறைந்ததும் தேயாமல் அறுந்துவிடுகிறது. மதிய வெயில் ஏற ஏற அந்தக் கைக்குப் பலம் கூடுகிறது.

அந்தக் கைதான் கசிவு மின்னோட்டம். ஜெர்மேனியத்தில் எலெக்ட்ரானை விடுவிக்க 0.67 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும், சிலிக்கானுக்கு 1.1 வேண்டும். அறையின் சூடே ஜெர்மேனியத்தில் கொஞ்சம் எலெக்ட்ரான்களை அவிழ்த்துவிடுகிறது. சூடு 10 டிகிரி ஏறினால் கசிவு தோராயமாக இரட்டிப்பாகிறது. 25 டிகிரியில் 100 மைக்ரோ ஆம்பியர் கசியும் டிரான்சிஸ்டரை இந்த வேலைக்கு யாரும் குறை சொல்லமாட்டார்கள். அதுவே 35இல் 200, 45இல் 400.

இந்தச் சுற்றில் எனக்கு அலுக்காத இடம் ஒன்று உண்டு. முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. 9 வோல்ட்டில் அதன் வழியே அதிகபட்சம் 260 மைக்ரோ ஆம்பியர் சொச்சம்தான் போக முடியும். அந்த அளவு ஓடுவதற்கு முதல் டிரான்சிஸ்டருக்குப் பேஸில் மூன்று நான்கு மைக்ரோ ஆம்பியர் தேவை. அதை அது இரண்டாவதின் எமிட்டரிலிருந்து, 100 கிலோ ஓம் வழியே கேட்டு வாங்குகிறது. அந்தக் கேட்பின் அளவைப் பொறுத்தே இரண்டாவதின் எமிட்டர் மின்னழுத்தமும், அதில் ஓடும் மின்னோட்டமும், கடைசியில் கலெக்டர் நிற்கும் இடமும் அமைகின்றன. கசிவு வந்து முதலாவதின் தேவையைத் தானே நிரப்பினால் அது கேட்பதைக் குறைத்துக்கொள்கிறது. உடனே இரண்டாவது தளர்கிறது, கலெக்டர் 4.5ஐ விட்டு 9 வோல்ட் சுவரை நோக்கி நகர்கிறது. கசிவு 200ஐத் தொட்டால் அது 7 வோல்ட் பக்கம் போயிருக்கும் என்று கணக்குச் சொல்கிறது. கெடுப்பது முதலாவது, நோய் தெரிவது இரண்டாவதில். இரண்டாவதை மாற்றி மாற்றிப் பார்த்து ஓய்ந்தவர்கள் பலர்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். மல்டிமீட்டரை இரண்டாவதின் கலெக்டரில் வைத்து (ஜெர்மேனியச் சுற்று பெரும்பாலும் பிளஸ் முனையையே தரையாகக் கொண்டது, மைனஸ் குறி வந்தால் அதை விட்டுவிடுங்கள்), முதல் டிரான்சிஸ்டரை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் விரல் சூட்டுக்கே எண் மெல்ல ஏறும். ஒரு மனிதத் தொடுகை ஓர் ஒலியின் குணத்தை இப்படி மாற்றுவதை முதல் முறை பார்த்தபோது நான் நெடுநேரம் விரலை எடுக்கவில்லை.

பழைய ‘என்கேடி275’ என்று அச்சிட்ட டிரான்சிஸ்டருக்கு இன்று கேட்கும் விலையை நான் நம்பவில்லை. அந்த எழுத்தில் மந்திரம் இல்லை. பெருக்கமும் கசிவும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. முதலாவதுக்கு 70, இரண்டாவதுக்கு 120 வாக்கில் பெருக்கம், கசிவு குறைவு என்றால் எந்தப் பெயராக இருந்தாலும் போதும். ஆனால் மலிவான மல்டிமீட்டரின் பெருக்கச் சோதனையை அப்படியே நம்பிவிடாதீர்கள். பேஸுக்கு 10 மைக்ரோ ஆம்பியர் கொடுத்துக் கலெக்டரில் வருவதை எல்லாம் பெருக்கமாக எண்ணும் மீட்டர், 300 மைக்ரோ ஆம்பியர் கசிவை 30 கூடுதல் பெருக்கமாகக் காட்டிவிடும். கசிவு மிகுந்த சரக்கு நல்ல சரக்காகக் கைமாறுவது இப்படியும்தான். ஈயம் வைத்த சூட்டோடு அளப்பதும் கூடாது, ஆறவிட்டு அளக்க வேண்டும்.

பெடல் ராத்திரியும் சேர்த்து ஊமையாகக் கிடந்தால் கதை வேறு. ஆம்ப்ளிஃபயர் ஒயரின் நுனியில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைக் கட்டி, உள்ளே வரும் முனையிலிருந்து ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். ஒலி எங்கே நிற்கிறதோ அங்கே பழுது. சிலிக்கானில் செய்பவர்கள் கால்களையும் பார்க்க வேண்டும்: தட்டையான முகம் நம்மைப் பார்க்க, பிசி547இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர், 2என்3904இல் நேர் தலைகீழ். மாற்றிச் செருகினாலும் டிரான்சிஸ்டர் அரைகுறையாக வேலை செய்து, சோனியாக ஒலித்து நம்மை ஏமாற்றும்.

வாசகருக்கு வழி இரண்டு. முதலாவதை மட்டும் கசிவு குறைந்ததாக மாற்றலாம். அல்லது இரண்டாவதின் கலெக்டரில் உள்ள 8.2 கிலோ ஓமை எடுத்துவிட்டு 25 கிலோ ஓம் குமிழ் ஒன்றை வைக்கலாம். இது விட்டத்துக் கொக்கியைப் பிடுங்கி இடப்பக்கம் தள்ளி அடிப்பது போன்றது. அந்தக் கை இழுத்தாலும் பலகை நடுவில் நிற்கும். ஆனால் பொழுது சாய்ந்து கை தளர்ந்தால் அதே பலகை இடச்சுவரில் போய் ஒட்டும். ஆகவே குமிழைப் பெட்டிக்குள் பூட்டாமல் வெளியே, திருகக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். மதியம் ஒரு கோடு, ராத்திரி ஒரு கோடு என்று பென்சிலால் குறித்துக்கொண்டால் மீட்டர்கூட வேண்டாம்.