மணலியின் மழைத்தண்ணீரில் தெரியும் பிம்பம்: போனில் படம் பிடிப்பது எப்படி, அது சொல்லும் சேதி என்ன?

மழை விட்ட மறுநாள் காலை மணலி பக்கம் பைக்கில் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. சற்று தூரத்தில் சாலைப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர். அதில் தலைகீழாக ஒரு டேங்கர் லாரி, அதற்கும் கீழே ஆலையின் உயரமான புகைபோக்கி. வண்டியை ஓரங்கட்டி, கிட்டே போய் போனில் எடுத்தால், படத்தில் வருவது வெறும் சேற்றுக் குட்டைதான். பிம்பம் எங்கே போச்சு?

கோணம்தான் விஷயம்

தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால், அதில் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதம்தான் திரும்பி வரும். மிச்சம் உள்ளே போய்விடுவதால் அடியில் கிடக்கும் சேறு தெரிகிறது. பார்வை தண்ணீர் மட்டத்தை ஒட்டி இறங்க இறங்க இந்த அளவு கூடும். தண்ணீர் மட்டத்திலிருந்து 5 டிகிரி சாய்வில் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்ட ஒளி திரும்பி வரும்.

என்ன செய்யலாம்?

* போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிடும்.
* ஃபோகஸ் செய்ய, தண்ணீரில் தெரியும் லாரியின் மேல் திரையைத் தொடுங்கள். மிதக்கும் இலையைத் தொட்டால் பிம்பம் மங்கிவிடும். கேமராவுக்கு, பிம்பமும் லாரி அளவுக்குத் தூரத்தில்தான் இருக்கிறது.
* வானம் வெளுத்துப் போனால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.
* காற்று அடங்கிய அதிகாலையில் எடுங்கள். சின்ன அலைகூட பிம்பத்தை உடைத்துவிடும்.

காற்றிலும் கலையாத பிம்பமா?

சுற்றிலும் தண்ணீர் சிலுசிலுக்க, ஒரு திட்டு மட்டும் கண்ணாடி மாதிரி கிடந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். அங்கே எண்ணெய் இருக்கலாம். எண்ணெய்ப் படலம் சிற்றலைகளை அடக்கிவிடும். லண்டனின் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் அரை ஏக்கர் தண்ணீரை அமைதியாக்கியதை பெஞ்சமின் பிராங்க்ளின் 1774-லேயே எழுதியிருக்கிறார்.

வானவில் நிறமும் ஒரு தடயம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்த படலத்தின் மேல்புறமும் அடிப்புறமும் ஒளியைத் திருப்ப, இரண்டும் கலந்து நிறங்களாகத் தெரிகின்றன.

ஆனால், உடனே முடிவு கட்ட வேண்டாம். இரும்புச்சத்துள்ள தண்ணீரில் வளரும் பாக்டீரியாவும் இதேபோல் மினுக்கும். ஒரு குச்சியால் கலக்கிப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் பெரும்பாலும் பாக்டீரியா. சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் எண்ணெய். உறுதியாகச் சொல்ல ஆய்வகச் சோதனைதான் வேண்டும். தண்ணீரில் கை மட்டும் வைக்காதீர்கள்.

படம் சாட்சியாகும்போது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம்வரை போனது. படகு, வலை, பறவை என எல்லாவற்றிலும் கறுப்பாக ஒட்டியிருந்த எண்ணெயைப் படங்கள்தான் ஊருக்குக் காட்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. கழிமுகத்தை நம்பிப் பிழைக்கும் மீனவர்களுக்கு அது பல நாள் வருமான இழப்பு.

எனவே, சந்தேகமான திட்டைப் பார்த்தால் ஃபில்டர் போடாமல் எடுங்கள். கேமரா அமைப்பில் லொகேஷன் ஆன் ஆகியிருக்கட்டும். கிட்டத்தில் ஒரு படம், பாலமோ பெயர்ப்பலகையோ தெரியும்படி இன்னொரு படம் போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, இடம், நேர விவரமும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் அனுப்பும்போது அந்த ஒரிஜினல் படத்தையே சேருங்கள். போனிலிருந்தும் அதை அழித்துவிடாதீர்கள்.