‘சிங்கிள்புட்’ என்று தேடிப் பாருங்கள்

முதுகலை வரலாறு படிக்கும் மாணவி ஒருத்தி தன் ஊர் ஏரியைப் பற்றி ஆய்வேடு எழுத ஆசைப்படுகிறாள். கல்லூரி நூலகக் கணினியில் உட்கார்ந்து ‘செங்கல்பட்டு’ என்று தட்டுகிறாள். நிலத்தடி நீர் பற்றி நாலைந்து கட்டுரை வருகிறது. கொரோனா காலத்துப் புள்ளிவிவரம் கொஞ்சம் வருகிறது. அவ்வளவுதான். “நம்ம ஊரைப் பத்தி யாருமே எழுதலை மேடம்” என்று கைடு முன்னால் போய் நிற்கிறாள். ஜி.எஸ்.டி. சாலைக் கல்லூரிகளிலும் கிழக்குக் கடற்கரைச் சாலைக் கல்லூரிகளிலும் இதே பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. எழுதியிருக்கிறார்கள் அம்மா, இருநூற்றைம்பது வருஷமாக எழுதியிருக்கிறார்கள். வேறு பெயரில் எழுதியிருக்கிறார்கள்.

இந்த மாவட்டம் இப்போதைய பெயரோடும் எல்லையோடும் பிறந்தது 2019 நவம்பர் 29-ல். அதற்கு முந்தைய இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த மண் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். அதற்கு முன்னால் வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிய எல்லா ஏடுகளிலும் ‘சிங்கிள்புட்’. இன்னும் பின்னால் போனால் அந்தப் பெயரும் இல்லை. 1763-ல் ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த நிலம் என்பதால் வெறும் ‘ஜாகீர்’.

கலெக்டர் லயனல் பிளேஸ் 1799-ல் எழுதிய நீண்ட அறிக்கை ஜாகீர் என்ற சொல்லின் கீழ்தான் கிடைக்கும். மிராசு உரிமை பற்றி எஃப்.டபிள்யூ. எல்லிஸ் 1818-ல் வெளியிட்ட நூலைப் பிடிக்க ‘மிராசி’ என்று தேட வேண்டும். குரோல் எழுதிய 1879-ஆம் ஆண்டு மாவட்ட மானுவல் சிங்கிள்புட்டில் இருக்கிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் யூஜின் இர்ஷிக் 1994-ல் இந்தப் பகுதியை வைத்தே ஒரு முழு நூல் எழுதினார். அதன் தலைப்பில் ஊர்ப் பெயரே கிடையாது, ‘தென்னிந்தியா’ என்றுதான் இருக்கும். ஒரே ஒரு பெயரைத் தட்டிவிட்டு எழுந்துபோகும் மாணவிக்கு இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

கருவிகள் இல்லாத காலம் மலையேறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-ல் ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பன்னாட்டுப் பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கு மேற்பட்ட நிறுவனங்கள். நேற்றுவரை ஒரு கட்டுரைக்காகச் சென்னையிலிருக்கும் நண்பனிடம் கெஞ்சிக்கொண்டிருந்த அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய வரம். எனக்கு இதில் மனப்பூர்வமான மகிழ்ச்சி. ஆனால் முதல் கட்டம் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. பொத்தேரி முதல் வண்டலூர் வரையிலும், அங்கிருந்து கேளம்பாக்கம் வரையிலும் நெருக்கமாக நிற்பவை பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். அவை தத்தம் காசில்தான் சந்தா கட்ட வேண்டும். கையில் காசுள்ள பல்கலைக்கழகம் சமாளித்துக்கொள்ளும். சின்னக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை பக்கத்துக் கல்லூரி வாசலைப் பார்த்தபடி பஸ்ஸில் போவாள். இந்த வேலி சீக்கிரம் நீங்க வேண்டும்.

நீங்கினாலும் அவள் தேடும் ஏரி அந்த 13,000 இதழ்களுக்குள் அனேகமாக இருக்காது. அது இருக்கும் இடம் வேறு.

1767-லிருந்து 1774 வரை தாமஸ் பார்னார்ட் என்ற கம்பெனிப் பொறியாளர் இந்த ஜாகீர் நிலப்பரப்பை ஊர் ஊராக அளந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு, யார் யார் என்ன தொழில், நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, தோப்பு, உப்பளம், வீட்டுமனை, ஏரி எவ்வளவு பரப்பு என்றெல்லாம் கணக்கு. ஏரி எவ்வளவு என்று இருக்கிறது, கவனியுங்கள்! இந்த அளவையின் ஆங்கிலத் தொகுப்பைக் காந்தியரும் ஆய்வாளருமான தரம்பால் சென்னை ஆவணக் காப்பகத்தில் பார்த்து உலகுக்குச் சொன்னார். அந்தக் காலத்துக் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைக் கணக்குகள் பல தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. விளைந்த நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, தச்சருக்கும் கொல்லருக்கும் எவ்வளவு, வெட்டியானுக்கும் தலையாரிக்கும் எவ்வளவு என்று கலம், மரக்கால் கணக்கில் பிரித்து எழுதியிருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த கொள்கை ஆய்வு மையத்தின் ஜே.கே. பஜாஜும் எம்.டி. ஸ்ரீநிவாஸும் பல ஆண்டுகள் இந்த ஓலைகளோடு உட்கார்ந்து ஊர்க் கணக்குகளைத் தொகுத்தார்கள்.

இன்னொரு பக்கம், தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ட்சுகாசா மிசுஷிமா பார்னார்டின் ஊர்களைப் புவித் தகவல் மென்பொருளில் ஏற்றி வரைபடமாக்கினார். பழைய அளவை வரைபடங்களிலிருந்து இந்திய ஊர்ப் பெயர்களை எடுத்துத் தேடக்கூடிய இணையக் கருவி ஒன்றையும் அவரது குழு செய்தது. திருப்போரூர்ப் பக்கத்து ஊர் ஒன்று 1770-களில் எப்படி இருந்தது என்று தோக்கியோவில் ஒருவர் திரையில் பார்த்திருக்கிறார். அந்த ஊரிலிருந்தே கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு அப்படியொரு கணக்கு இருப்பதே தெரியாது. தொழில்நுட்பத்தில் நமக்குக் குறையில்லை. அந்தக் கணக்குக்கும் இந்தப் பிள்ளைக்கும் நடுவே ‘இது இங்கே இருக்கிறது, போய்ப் பார்’ என்று கைகாட்ட ஆள் இல்லை, அதுதான் குறை.

மாமல்லபுரத்துக்கு வந்தால் பெயர்ச் சிக்கல் இன்னும் முற்றிவிடும். மகாபலிபுரம், மாவலிவரம், ‘செவன் பகோடாஸ்’ எல்லாம் ஒரே ஊர்தான். 1788-ல் ஏஷியாடிக் ரிசர்ச்சஸ் முதல் தொகுதியில் வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய கட்டுரையும், 1869-ல் கார் என்பவர் தொகுத்த பெரிய நூலும் மாமல்லபுரம் என்று தட்டினால் எளிதில் சிக்காது. இரண்டும் காப்புரிமை தீர்ந்து இன்டர்நெட் ஆர்க்கைவில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக் காத்திருக்கின்றன. ஹுல்ச் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890-ல் வந்தது. அது தொடங்குவதே மாமல்லபுரத்துப் பல்லவர் கல்வெட்டுகளோடுதான். 1957-லிருந்து சிற்பம் கற்பித்துவரும் அரசுக் கல்லூரி இதே ஊரில் இருக்கிறது. அங்கே உளி பிடிக்கும் மாணவர் ஒருவர் தர்மராஜ ரதத்தின் கல்வெட்டு வாசகத்தைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு ரதத்தின் எதிரிலேயே நின்று ஒப்பிடலாம். முந்தைய தலைமுறை மாணவருக்குக் கிட்டாத வசதி இது.

ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வடக்கே, புலிக்குகையை அடுத்து, சாளுவன்குப்பம். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை மணலை அரித்துப்போனபோது அங்கே ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தது. அதில் திருவிழிச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயில் பேசப்படுகிறது. அந்தக் கோயில் எங்கே என்று தொல்லியல் துறையினர் தேடித் தோண்டினார்கள். பல்லவர் காலக் கற்கோயிலும் அதற்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானமும் கிடைத்தன. ஒரு பழைய ஊர்ப் பெயரைச் சரியாகப் படித்ததால் ஒரு கோயில் மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்தது. இன்றைக்கு ஆய்வாளர் ஒருவர் இதைத் தரவுத்தளத்தில் தேடினால், திருவிழிச்சில் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். ழகரத்துக்கு ஒருவர் இரண்டு எழுத்துப் போடுவார், ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் வெறும் லகரத்தோடு விட்டுவிடுவார். இயந்திரத்துக்கு இவை வெவ்வேறு ஊர்கள்.

தமிழிலேயே தேடலாமே என்றால் அங்கேதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேட்டை மின்வடிவில் தரவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் விதி செய்தது. அவற்றைச் சேர்த்துவைக்க ‘சோத்கங்கா’ களஞ்சியம் வந்தது. நம் பல்கலைக்கழகங்களின் தமிழ் ஆய்வேடுகள் அதில் ஏராளம். திறந்து பாருங்கள். பலவற்றை ஒருங்குறி வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டியிருக்கிறார்கள், இன்னும் பல ஸ்கேன் செய்த வெறும் படங்கள். கண்ணுக்குத் தமிழ் தெரியும், தேடுபொறிக்குத் தெரியாது. ‘ஏரி’ என்று தேடினால் ஏரியைப் பற்றியே முந்நூறு பக்கம் எழுதிய ஆய்வேடு மௌனமாக இருக்கும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை அதிகாரபூர்வத் தரமாக அறிவித்தது 2010 ஜூனில். அதன் பிறகும் பழைய எழுத்துருவில் தட்டிக்கொடுக்கும் டி.டி.பி. கடைக்குத்தான் பிள்ளைகள் போகிறார்கள், அதுதான் கையருகே இருக்கிறது. ஐந்து வருஷ உழைப்பு யாராலும் தேட முடியாத கோப்பாகப் போய் முடங்குகிறது. ஆய்வேட்டை வாங்கும்போது நூலகம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்தக் கோப்பில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள். பழைய படக் கோப்புகளுக்கும் வழி உண்டு. தமிழ் அச்செழுத்தை உணரும் மென்பொருள்கள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் அவற்றைக் கொண்டுதான் பழைய நூல்களை எழுத்தாக்கி, பிழை திருத்தி ஏற்றிவருகிறார்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஆகாதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சொல்லை மாற்றிப்போட்டுத் தேட, நீண்ட ஆங்கிலக் கட்டுரையின் போக்கைப் புரிந்துகொள்ள, தாராளமாகக் கேளுங்கள். கல்வெட்டு எண்ணையும் ஆண்டறிக்கைப் பக்கத்தையும் மட்டும் அதனிடம் வாங்கி அப்படியே எழுதிவிடாதீர்கள். இல்லாத எண்ணைத் தயங்காமல் தரும். அச்சுத் தொகுதியைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே அடிக்குறிப்பில் ஏற வேண்டும். வைவாவில் அந்தத் தொகுதியை நன்கறிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பார்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924-ல் பொறுப்பேற்ற சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், வாசகர் கேட்கும் கேள்விக்கு விடை தேடித்தருவதையே நூலகரின் தலையாய வேலையாகக் கருதினார். இந்தக் கடற்கரைக் கல்லூரிகளில் அந்த வேலைக்குத்தான் இன்று ஆள் குறைவு. நூலகர் காலையில் கடவுச்சொல் மறந்தவர்களுக்கு உதவுகிறார், மதியம் அங்கீகாரக் குழுவுக்குப் பட்டியல் தயாரிக்கிறார். மாணவி பக்கத்தில் உட்கார்ந்து, ‘உன் ஊரின் பழைய பெயர் என்ன, தாலுகா எது, எந்தக் கோயில்?’ என்று கேட்க அவருக்கு அரைமணி நேரம் மிஞ்சுவதில்லை. கணினி வாங்கப் பணம் ஒதுக்கும் நிர்வாகங்கள் இந்த அரைமணி நேரத்துக்கும் ஒரு பணியிடம் ஒதுக்கினால் நூறு கணினியின் பயன் கிடைக்கும்.

இன்னொன்றையும் இந்தக் கல்லூரிகள் சேர்ந்து செய்யலாம். ஊர்ப் பெயர் அடைவு ஒன்று. கல்வெட்டில் வரும் பெயர், ஓலைக் கணக்கில் வரும் பெயர், பார்னார்ட் எழுதிய பெயர், குரோல் எழுதிய பெயர், இன்றைய வருவாய்க் கிராமப் பெயர் எல்லாம் ஒரே வரிசையில். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தன் ஊருக்கு ஒரு வரி எழுதினால் சில ஆண்டுகளில் இரண்டாயிரம் ஊரும் நிரம்பிவிடும்.

அந்த மாணவிக்கு வருகிறேன். மேடவாக்கத்தை அடுத்த பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 2022 ஜனவரியில் திறந்த புதிய வளாகத்தில் 45,000-க்கு மேல் நூல்கள் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தமிழ் அச்சு நூல்களும் இதழ்களும் அதற்கு அடிப்படை, 1994 முதல் இயங்குகிறது. ஆனால் அவள் ஏரிக்கு முதலில் போகவேண்டிய இடம் எழும்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய சிவப்புக் கட்டடம், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கல்லூரியிலிருந்து ஒரு கடிதம், அடையாள அட்டை, ஒரு நோட்டு. செங்கல்பட்டில் கடற்கரை லோக்கல் ஏறினால் பரனூர், சிங்கப்பெருமாள் கோயில், மறைமலை நகர், தாம்பரம் என்று நேரே எழும்பூரில் இறங்கலாம். சீட்டில் கேட்க வேண்டிய பெயர் பார்னார்ட். ஊர்ப் பெயரை மட்டும் அவள் பாட்டியிடம் கேட்டு, பழைய உச்சரிப்பில் எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும்.