பார்த்தீனியமும் தோல் ஒவ்வாமையும்

வரப்பிலும் தரிசிலும் வெண்ணிறச் சிறு பூக்களுடன் அடர்ந்து நிற்கும் பார்த்தீனியத்தை அறியாத விவசாயி இல்லை. அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளுக்குரிய இக்களை 1955-ஆம் ஆண்டு வாக்கில் புனா நகரில் கவனிக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிற்று. அது நிலத்தைக் கெடுப்பதைப் பலரும் பேசுகிறோம். உழைப்பவரின் தோலைக் கெடுப்பதைப் பேசுவோர் குறைவு.

தீங்கற்ற பொருளையும் பகையென்று கருதி நம் உடலின் காவல் சக்தி போரிடுவதே ஒவ்வாமை. மகரந்தத்தாலும் வீட்டுத் தூசியாலும் வரும் தும்மல் சில நிமிடங்களில் தோன்றுவது. செட்ரிசின் போன்ற மாத்திரைகளுக்குப் பெரும்பாலும் அடங்கும். ஆனால் தேனீ கொட்டி முகம் வீங்கி மூச்சுத் திணறினால், மாத்திரையை நம்பிக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும். அட்ரினலின் ஊசியே உயிர் காப்பது.

பார்த்தீனியத்தால் வரும் தோல் நோயோ வேறு இனம். செடியிலுள்ள பார்த்தெனின் என்னும் பொருள் பட்டு ஓரிரு நாள் கழிந்தே அரிப்பும் சிவப்பும் தோன்றும். ஆகவே திங்களன்று களையெடுத்தவர், புதனன்று உண்ட கத்தரிக்காயைக் குறை கூறுகிறார்! பல ஆண்டுகள் தீங்கின்றிக் களையெடுத்தவர்க்கும் திடீரென இது தொடங்கலாம். செடியைத் தொடவேண்டுமென்பதுமில்லை, உலர்ந்த துகள் காற்றில் வந்து படிந்தாலே போதும். வெயிலின் கொடுமை என்று சிலர் எண்ணுவர். வெயில் அதிகம் படாத கண்ணிமை, காதின் பின்புறம், மோவாயின் கீழ்ப்புறம் ஆகியவையும் தடித்திருப்பின் காற்றில் வந்த துகளையே முதலில் சந்தேகிக்கவேண்டும்.

இதை உறுதி செய்வது ஒட்டுச் சோதனை. சந்தேகத்திற்குரிய பொருள்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துத் தோலைப் பார்ப்பார்கள். மேலும் ஓரிரு நாள் சென்று மீண்டும் பார்ப்பார்கள். சாயத்தில் கை நனைக்கும் நெசவாளருக்குக் கையில் வரும் அரிப்புப் புண்ணின் காரணத்தை அறியவும் இதே சோதனை பயன்படும்.

கடையில் தாமே கேட்டு வாங்கும் களிம்புதான் பெரிய தொல்லை. டாக்டர் அளவறிந்து எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்பு நல்ல மருந்தே. அதையே மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும். நிறுத்தியதும் நோய் முன்னிலும் கடுமையாகக் கிளம்பக்கூடும். முற்றிய நோய்க்கு அஸாதியோப்ரின் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனையுடன், தரப்படுவதுண்டு.

இந்த ஒவ்வாமை கண்டவர் களையெடுப்பைப் பிறரிடம் விடுவதே தக்கது. மற்றவர்கள் முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்து, பூக்குமுன், மண் ஈரமாயிருக்கும்போது வேரோடு பிடுங்கலாம். இலை தின்னும் மெக்ஸிகோ வண்டு 1984-இல் பெங்களூரில் விடப்பட்டது; களை குறைந்த இடங்களுண்டு, ஒழியவில்லை. சாமந்தியும் சூரியகாந்தியும் பார்த்தீனியத்தின் குடும்பமே. சிலருக்கு அவையும் ஒவ்வா. சாமந்தி பயிரிடுவோர் சோதனைக்குச் செல்கையில் அதையும் டாக்டரிடம் தெரிவிக்கவேண்டும்.