அக்சிலேட்டர் இறுகினால் மணிக்கட்டு நோகும்

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த மகன் தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் தூக்குகிறானா? வலது கைக்கு என்ன என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மோட்டார் சைக்கிளில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் நமது தோட்டத்துப் பிள்ளைகள் சிலர், "மணிக்கட்டு வலிக்குதுங்க, விரலெல்லாம் மரத்துப் போகுது" என்கிறார்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வெளியில் சொல்வதில்லை.

சில வேளைகளில் குற்றம் கையில் இல்லை, கேபிளில் இருக்கிறது. அக்சிலேட்டரைத் திருகும்போது ஓர் உறைக்குள் ஓடும் மெல்லிய கம்பி இழுபடுகிறது. கையை விட்டதும் ஸ்பிரிங் அதைத் திருப்பி இழுக்கும். மழைத் தண்ணீரும் தூசியும் உள்ளே போய், வெள்ளவத்தைக் கடற்காற்றில் கம்பி துருப்பிடித்தால், ஒவ்வொரு திருகலுக்கும் கை இரண்டு மடங்கு பாடுபட வேண்டும். காலி வீதி நெரிசலில் நாள் முழுக்க இதே வேலைதான்.

என்ன செய்யலாம்? கைப்பிடிப் பக்கம் கேபிளைக் கழற்றி, மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மறுமுனையில் வரும்வரை கம்பியை அசைக்க வேண்டும். கிரீஸ் வேண்டாம், அது தூசியைப் பிடித்துக்கொள்ளும். கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கேபிளையே மாற்றுங்கள். கேபிள் எங்காவது மடிந்து நெரிபடுகிறதா, கைப்பிடி ரப்பர் உள்ளே தள்ளுப்பட்டு உரசுகிறதா என்றும் பாருங்கள். திருகத் தொடங்கும்போது 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை சும்மா அசைய இடம் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்ய விடாதீர்கள். லேசாக இருக்கட்டும் என்று சிலர் ஸ்பிரிங்கை வெட்டி விடுகிறார்கள். கையை விட்டாலும் அக்சிலேட்டர் திரும்பாத வண்டியோடு நமது மலை ரோட்டு வளைவில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்! வேலை முடிந்ததும் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் தானாகக் கூடக்கூடாது. திருகி விட்டால் 'டக்' என்று திரும்ப வேண்டும்.

கைப்பிடியை நெரித்துப் பிடிக்கவும் தேவையில்லை. மணிக்கட்டு நேராக இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து, இரவில் தூக்கம் கலைந்தால், மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறது எனலாம். கொழுந்து பறிக்கும் நமது தாய்மாரில் சிலருக்கும் இந்த மரப்பு தெரிந்ததுதான். தைலம் தேய்த்து நாளைக் கடத்தாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பார்க்கக் காசு வாங்க மாட்டார்கள்.