கைக்கெட்டும் தொலைவில் பணம்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தைக் கடப்பவர்கள் லேத்துப் பட்டறைகளின் ஓசையைக் கேட்டிருப்பார்கள். அத்தகைய பட்டறை ஒன்றுக்கு அடுத்த வீடுதான் என்னுடையது. சில ஆண்டுகளுக்கு முன்னர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த 3 லட்சம் ரூபாயை ஒரு பாங்கியில் ஓராண்டுக் கெடுவுக்குப் போட்டேன். கட்டணம் செலுத்த வேண்டிய நாளோ ஐந்தாம் மாதமே வந்துவிட்டது. கெடுவை முறித்தேன். ஓராண்டுக்குரிய வட்டி போயிற்று. ஐந்து மாதத்துக்குரிய குறைந்த வட்டியிலும் நூற்றுக்கு ஒன்று கழிந்தது.

“ஏனுங்கண்ணா, அதை லிக்விட் பண்டுல போட்டிருக்கலாமுங்களே!” என்றார் பட்டறைக்காரர். அவர் கூற்றைச் சற்றே சீர்தூக்கிப் பார்ப்போம்.

சேமிப்புக் கணக்கை நீங்கள் அறிவீர்கள். வேண்டும்போது பணம் வரும், வட்டிதான் சொற்பம். முன்னாளில் அந்தச் சொற்பத்துக்கும் ஒரு கட்டு இருந்தது. மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையே கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்கே வட்டி. அதனாலேயே என் தந்தையார் 10ஆம் தேதிக்குள் ஓடிச் சென்று பணம் கட்டுவார். 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்புக்கே வட்டி கணக்கிடப்படுகிறது.

இனி, லிக்விட் பண்டு என்பது யாது? அரசாங்கம் தன் குறுகிய காலத் தேவைக்கு 91 நாள் கருவூல உண்டியல்களை விற்கிறது. உண்டியல் என்றதும் கோயில் உண்டியலை நினைக்க வேண்டாம். நம் வணிகர்கள் கடன் சீட்டுக்கு இட்ட பழம்பெயர் அது. 100 ரூபாய் உண்டியலை 98 ரூபாய் 50 காசுக்கு வாங்கினால், 91 நாள் கழித்து 100 ரூபாய் கிடைக்கும். வட்டி என்ற பெயரில் எதுவும் வராது. அந்த ஒன்றரை ரூபாயே வட்டி. ஆண்டுக் கணக்கில் அது ஏறக்குறைய நூற்றுக்கு 6 ஆகும். இவ்வாறே பாங்குகளும் பெருங்கம்பெனிகளும் குறுங்காலச் சீட்டுகள் வெளியிடுகின்றன. பலரிடம் திரட்டிய பணத்தால் இவற்றை வாங்கி வைத்து, அவரவர் பணத்துக்கேற்பப் பங்கு அளிப்பதே இந்தப் பண்டு. 91 நாளுக்கு மேற்பட்ட சீட்டுகளை இது வாங்கலாகாது என்பது செபியின் விதி. காரணம் எளிது. நாட்டில் வட்டி உயர்ந்தால் பழைய சீட்டுகளின் விலை இறங்கும். பத்தாண்டுச் சீட்டு மிகவும் இறங்கும், சில வாரங்களில் முதிரும் சீட்டு அவ்வளவாக இறங்காது.

பங்கை விற்றால் பெரும்பாலும் மறு வேலை நாளில் பணம் பாங்குக் கணக்குக்கு வந்துவிடும். ஏழு நாளுக்குள் விற்பவர்க்கு மட்டும் மிகச் சிறிய பிடித்தம் உண்டு. 2023 ஏப்ரல் முதல் வாங்கிய பங்குகளின் ஆதாயம், பாங்கு வட்டியைப் போலவே, வருமானத்தோடு சேர்ந்து வரிக்குட்படும்.

இதுவரை பட்டறைக்காரர் பக்கமே நியாயம் நிற்கிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. பாங்கியில் போட்ட பணம் பாங்கி நமக்குப் பட்ட கடன். முதலைத் திருப்பித் தர அது கட்டுப்பட்டது. அது நொடித்தாலும், 2020 பிப்ரவரி முதல், வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 1962இல் இக்காப்பீடு தொடங்கியபோது வரம்பு வெறும் 1,500 ரூபாய்! பண்டிலோ நாம் பங்காளிகள். சீட்டு எழுதியவன் கைவிரித்தால் நட்டமும் நம்முடையதே.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவில் ‘ரிசர்வ் பிரைமரி’ என்றொரு பண்டு இருந்தது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கம்பெனி வீழ்ந்தபோது, அக்கம்பெனியின் சீட்டுகள் அந்தப் பண்டின் சொத்தில் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே மிஞ்சிய அளவுதான். எனினும் ஒரு டாலர் பங்கு 97 சென்டுக்கு இறங்கிற்று. எல்லாரும் ஒரே நேரத்தில் பணம் கேட்டு நெருக்கவே, பண்டு கதவை அடைத்தது. முடிவில் முதலீட்டாளர்கள் 99 சென்டுக்கு மேல் பெற்றனர் என்பது உண்மை. ஆனால் கட்டணம் செலுத்தும் நாள் காத்திருக்குமா? நம் நாட்டிலும் 2018இல் ஐ.எல். அண்டு எப்.எஸ். கம்பெனி தவணை தவறியபோது, அதன் சீட்டுகளை வைத்திருந்த சில லிக்விட் பண்டுகளின் மதிப்பு சரிந்தது. அடுத்த ஆண்டு செபி, குறைந்தது ஐந்தில் ஒரு பங்கைக் கருவூல உண்டியல் போன்று உடனே பணமாகும் சொத்தில் வைக்குமாறு விதித்தது.

இப்போது என் 3 லட்சத்துக்குக் கணக்குப் போடுவோம். பண்டு சேமிப்புக் கணக்கைவிட ஆண்டுக்கு நூற்றுக்கு 2 கூடுதலாகத் தந்தால், ஐந்து மாதத்தில் மிகுவது 2,500 ரூபாய். பண்டின் மதிப்பு ஒரே ஒரு முறை நூற்றுக்கு ஒன்று சரிந்தால் போவது 3,000 ரூபாய்! ஆகவே எந்தப் பண்டு அதிகம் தருகிறது என்று கேட்குமுன், அதன் பெட்டியில் யார் எழுதிய சீட்டுகள் உள்ளன என்று பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலைப் பண்டுகள் வெளியிட்டே தீரவேண்டும், படிப்பவர்தாம் அரியர்.

அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு நான் இரண்டும் செய்தேன். முதல் தவணையைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவிட்டு, எஞ்சியதைக் கருவூல உண்டியல்கள் மிகுந்த ஒரு பண்டில் இட்டேன். பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். இரும்பு வாங்கும் பணத்தைத்தான் அவர் பண்டில் போடுகிறாராம்; சனிக்கிழமைக் கூலிப் பணம் அன்றும் பாங்கியில்தான் இருந்தது.